யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

2003ஆம் ஆண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நாம் 'வைவா' என்று சொல்வோமே, அதுதான். ஹவாசுபாய் என்னும் பழங்குடி மக்களின் மரபணுக்களைப் பற்றிய ஆய்வேடு அது. பார்வையாளர்களில் ஒருவராக கார்லெட்டா டிலூசி என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தார். அவரே ஹவாசுபாய். அந்தச் சமூகத்திலிருந்து கல்லூரிப் படியேறிய மிகச் சிலரில் ஒருவர். அவரை வரச்சொன்னவர் அங்கே மானுடவியல் பேராசிரியராக இருந்த ஜான் மார்ட்டின்.

ஆய்வு மாணவர் பேசி முடித்ததும் டிலூசி எழுந்து கேட்டது ஒரே கேள்வி. இந்த ஆய்வுக்கு எங்கள் மக்களின் இரத்தத்தைப் பயன்படுத்த அனுமதி வாங்கினீர்களா?

பதில் இல்லை. தேர்வு பாதியில் நின்றது. அந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கி ஏழு ஆண்டுகள் ஒரு பெரிய பல்கலைக்கழகம் நீதிமன்றப் படி ஏறி இறங்கியது. ஆய்வு அறம் என்ற தலைப்பில் நாம் படிக்க வேண்டிய முதல் பாடம் இந்த வழக்குதான் என்பது எங்கள் கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஹவாசுபாய் என்றால் 'நீலப்பச்சை நீரின் மக்கள்' என்று பொருள். கிராண்ட் கேன்யன் என்று உலகமே படம் பிடிக்கும் அந்த மாபெரும் பள்ளத்தாக்கின் ஒரு கிளைப் பள்ளத்தில், சூப்பாய் என்ற ஊரில் வாழ்கிறார்கள். ஏறத்தாழ 650 பேர்தான். ஊருக்குச் சாலை கிடையாது. எட்டு மைல் நடக்க வேண்டும், அல்லது கோவேறு கழுதை, அல்லது ஹெலிகாப்டர். தபாலே கழுதை முதுகில்தான் இறங்குகிறது. அவர்கள் விரும்பி அந்தப் பள்ளத்தில் ஒடுங்கவில்லை. மேட்டு நிலம் முழுவதும் வேட்டையாடித் திரிந்தவர்களை 1882இல் அமெரிக்க அரசு வெறும் 518 ஏக்கருக்குள் அடைத்தது. மேலே இருந்த நிலத்தில் பெரும்பகுதி பின்னர் தேசியப் பூங்காவுக்குப் போயிற்று. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1975இல்தான் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. இந்த நிலக் கதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வேட்டை போன பிறகு அரசு கொடுத்த மாவும் கொழுப்பும் சர்க்கரையும் உணவாயின. கூடவே நீரிழிவு வந்தது. கால் எடுக்கப்பட்டவர்கள் வீட்டுக்கு வீடு. சிறுநீரகம் கெட்டவர்கள் இரத்தச் சுத்திகரிப்புக்காக ஊரையே விட்டு மேலே குடிபோக வேண்டியிருந்தது. 1960களிலிருந்து அவர்களோடு பழகி நம்பிக்கை பெற்றிருந்தவர் மார்ட்டின். 1989இல் அவரிடம்தான் கேட்டார்கள்: நாங்கள் ஏன் இப்படி நோயில் சாகிறோம் என்று உங்கள் பல்கலைக்கழகத்தால் கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா?

இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் அறிவியலுக்குப் பயந்தவர்கள் அல்ல. அறிவியலை உதவிக்கு அழைத்தவர்களே அவர்கள்தான்.

மார்ட்டின் அதே பல்கலைக்கழகத்தின் மரபியல் ஆய்வாளர் தெரேஸ் மார்கோவை அணுகினார். மார்கோவுக்கு மனச்சிதைவு நோயிலும் ஆர்வம் இருந்தது, அதற்கு நிதி கேட்டும் விண்ணப்பித்தார். 1990இலிருந்து இரத்தம் எடுக்கத் தொடங்கினார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கையை நீட்டினார்கள். ஊர் மக்களின் நினைவில் அது நீரிழிவு ஆய்வு. அப்படித்தான் வாயால் சொல்லப்பட்டது என்று பின்னாளில் ஒருவர் விடாமல் சொன்னார்கள். ஆனால் கையெழுத்து வாங்கிய தாளில் இருந்தது வேறு. நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய்வது என்று அகலமாக, எதையும் உள்ளே போடக்கூடிய ஒரு வாக்கியம். பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டியவர்கள் குறைவு.

வாயால் சொன்னது ஒன்று, கைநாட்டு வாங்கிய தாளில் இருந்தது ஒன்று. இது நமக்குப் புரியாத கதையா? பஞ்சமி நிலங்கள் எத்தனை இடங்களில் இப்படிப்பட்ட தாள்களால் கைமாறின என்று நம் பாட்டன்மார்களைக் கேட்டால் தெரியும். கடனுக்கு ஒரு கைநாட்டு என்று கேட்டவன் கிரயப் பத்திரத்தோடு வந்து நின்ற கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

நீரிழிவைப் பொறுத்தவரை ஆய்வு சீக்கிரமே முட்டுச் சந்தில் நின்றது. அரிசோனாவின் இன்னொரு பழங்குடியான பீமா மக்களிடம் நீரிழிவோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட மரபணுக் கூறு இவர்களிடம் அப்படி ஒரு தொடர்பைக் காட்டவில்லை. அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. இரத்தம் முடியவில்லை. உறைபெட்டியில் இருந்தது. மாணவர்களுக்கு ஆய்வேட்டுப் பொருளாயிற்று, வேறு ஆய்வுக்கூடங்களுக்கும் போயிற்று. டிலூசியின் கேள்விக்குப் பிறகு நடந்த விசாரணையில் இருபதுக்கு மேற்பட்ட கட்டுரைகளும் ஆய்வேடுகளும் அந்த இரத்தத்திலிருந்து பிறந்திருந்தது தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை மூன்று பொருள்களைப் பற்றியவை: மனச்சிதைவு, நெருங்கிய உறவுக்குள் மணம் செய்வதால் வரும் மரபணு நெருக்கம், ஆதிகால இடப்பெயர்ச்சி.

மூன்றும் மூன்று விதமாக அடித்தன. 650 பேர் உள்ள ஊரில் 'மனச்சிதைவு' என்ற முத்திரை விழுந்தால் பெயர் போடாமலிருந்தும் பயனில்லை. ஊர் பெயரே அடையாளம். உறவுமுறை மணம் பற்றிய ஆய்வை அவர்கள் தங்கள் குடும்பங்கள் மீது வீசப்பட்ட வசையாகவே கேட்டார்கள். மூன்றாவதுதான் ஆழமான வெட்டு. அவர்கள் ஆதியில் ஆசியாவிலிருந்து பேரிங் நீரிணை வழியாக வந்தவர்கள் என்றது அந்த ஆய்வு. அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தோம், அதைக் காவல் காக்கவே பிறந்தோம் என்பது ஹவாசுபாய் மக்களின் தொல்கதை. 518 ஏக்கருக்குள் அடைக்கப்பட்டு, பிறந்த மண் எங்களுடையது என்று சொல்லிச் சொல்லியே நிலத்தை மீட்டவர்களிடம், அவர்கள் கொடுத்த இரத்தத்தை வைத்தே 'நீங்களும் வந்தேறிகள்தான்' என்று எழுதினால் அந்தத் தாள் நாளை எந்த வழக்கில் யார் கையில் இருக்கும்? அவர்களுடைய மன்றத் தலைவர்கள் அச்சப்பட்டது இதற்குத்தான்.

இந்த இடத்தில் நம் தோழர்களில் சிலருக்கு ஒரு நெருடல் வரும். வாசகர் வட்டத்தில் இந்த வழக்கைப் பேசியபோது வரவும் செய்தது. நாம் பகுத்தறிவு பேசுகிறவர்கள். தொல்கதைக்காக மரபியலை நிறுத்தச் சொல்வதா? நாளைக்கு எவனாவது புருஷ சூக்தத்தைக் காட்டி ஆய்வை நிறுத்து என்றால் ஒப்புக்கொள்வோமா?

நியாயமான கேள்வி. ஆனால் ஹவாசுபாய் வழக்கில் யாரும் மரபியலை நிறுத்தச் சொல்லவில்லை. மனிதர் அமெரிக்காவுக்கு எப்படி வந்தனர் என்று ஆராய வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் உடம்பிலிருந்து, எங்கள் நோயைக் காட்டி எடுத்ததை, எங்களைக் கேட்காமல் அதற்கு ஏன் பயன்படுத்தினாய் என்றுதான் கேட்டார்கள். புருஷ சூக்தம் அடுத்தவனை மிதிக்க வைத்திருக்கும் தடி. இது மிதிபட்டவன் தன் கையைத் தானே இழுத்துக்கொள்வது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் தயாரில்லை.

அளவெடுக்கும் அறிவியலோடு நமக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இலிருந்து 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தலை அளவு, மூக்கு அளவு எடுக்கும் கருவிகளோடு தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். 1909இல் ஏழு தொகுதிகளாக அவருடைய சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல் வந்தது. வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடியதை அவரே வேடிக்கைபோல எழுதிவைத்திருக்கிறார். தங்களில் நல்ல உருவம் உள்ளவர்களைப் பிடித்துப்போய்ப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று அந்தப் பெண்கள் நம்பினார்களாம். துரைக்குச் சிரிப்பாக இருந்தது. அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகள் நிற்கத்தானே செய்தன? தங்களை அளப்பவன் தங்களை எந்த வரிசையில் வைத்திருக்கிறான் என்பதை அந்தப் பெண்கள் சரியாகவே கணித்தார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம்.

அதே காலத்தில் வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கின் அகலத்துக்கும் சாதியின் உயரத்துக்கும் முடிச்சுப் போட்டார். மூக்கு குறுகினால் சாதி உயர்வு, அகன்றால் தாழ்வு. இதை அண்ணல் அம்பேத்கர் என்ன செய்தார்? அளவுகளைத் தூக்கி எறியவில்லை. 1948இல் வெளியான 'தீண்டத்தகாதவர்கள்' நூலில் மூக்கு அளவு எண்களையே எடுத்து வைத்து, பிராமணருக்கும் தீண்டப்படாதோருக்கும் இன வேறுபாடு உண்டு என்ற கோட்பாடு அந்த எண்களாலேயே விழுகிறது என்று காட்டினார். தீண்டாமைக்கு இன அடிப்படை இல்லை என்று நிறுவ, நம்மை இழிவுபடுத்த எடுத்த எண்களே பயன்பட்டன. ஆகவே அளவே கூடாது என்பதல்ல நம் மரபு. யார் அளக்கிறார், என்ன கேள்விக்காக, அளக்கப்பட்டவருக்கு அந்த மேசையில் இடம் உண்டா என்பதுதான் வழக்கு.

சட்டம் இல்லாத காலத்தில் நடந்ததா ஹவாசுபாய் விவகாரம் என்றால் அதுவும் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு அறக் குழுக்கள் கட்டாயமானதற்கே ஒரு பெரிய குற்றம் காரணம். அலபாமா மாநிலத்தின் மேகன் மாவட்டத்தில் 1932இலிருந்து 1972 வரை, நாற்பது ஆண்டுகள், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சிஃபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை மருத்துவம் செய்யாமல் வேடிக்கை பார்த்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 201 பேர். பெரும்பாலும் ஏழைக் குத்தகை விவசாயிகள். நோய் என்ன என்று சொல்லவில்லை, 'கெட்ட இரத்தம்' என்றார்கள். முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பதை 'விசேஷ இலவச சிகிச்சை' என்று கடிதம் போட்டு அழைத்தார்கள். 1947 வாக்கில் பெனிசிலின் எங்கும் கிடைத்த பிறகும் கொடுக்கவில்லை. செத்தால் உடலை அறுத்துப் பார்க்க ஒப்புதல் கொடுத்த குடும்பத்துக்கு அடக்கச் செலவு. அந்தப் பணத்துக்காக ஒப்புக்கொண்ட ஏழைகளை யார் குறை சொல்ல முடியும்?

இதில் நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. அந்த ஆய்வுக்கு இடம் கொடுத்தது டஸ்கீகி கல்வி நிறுவனம். 1881இல் கறுப்பின மக்களின் கல்விக்காகத் தொடங்கப்பட்டு, புக்கர் டி. வாஷிங்டன் தலைமையில் வளர்ந்த நிறுவனம். அந்த ஆண்களை வீடு வீடாகப் போய் அழைத்து வந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர். அவர் மீது அவர்களுக்கு அன்பே இருந்தது. நம் பிள்ளை கூப்பிடுகிறது, போவோம் என்று போனார்கள். பொதுச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1966இலிருந்து உள்ளேயே எழுதிப் பார்த்தார், பயனில்லை. 1972 ஜூலையில் செய்தி நிறுவனம் ஒன்றின் வழியாக வெளியே வந்தது. 1974இல் தேசிய ஆய்வுச் சட்டம். 1979இல் பெல்மாண்ட் அறிக்கை, அதில் மூன்று சொற்கள்: மனிதருக்கு மதிப்பு, நன்மை, நீதி.

பெல்மாண்ட் அறிக்கை வந்து பதினோரு ஆண்டு கழித்துத்தான் சூப்பாயில் ஊசி குத்தினார்கள். அறக் குழு இருந்தது, ஒப்புதல் படிவம் இருந்தது, கையெழுத்து இருந்தது. மார்கோ கடைசிவரை சொன்னதும் இதைத்தான்: ஒப்புதல் வாங்கினோம், நல்ல அறிவியல் செய்தோம். சேகரித்த மாதிரியை ஒவ்வொரு புதுக் கேள்விக்கும் திரும்பப் போய் அனுமதி கேட்டால் மருத்துவ ஆய்வே நகராது என்ற வாதத்தையும் பல அறிவியலாளர்கள் வைத்தார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விதிகள் தனி மனிதரைத்தான் கண்டன. தனி ஆள் பெயரை மறைத்துவிட்டால் கேடு இல்லை என்று நினைத்தன. ஒரு சமூகம் முழுவதற்கும் ஒரே பெயராக இருக்கும்போது எதை மறைப்பது? இதற்கு அன்றைய விதிகளிடம் பதிலில்லை.

பதிலைச் சொல்லத் தொடங்கியது பல்கலைக்கழகங்கள் அல்ல, மக்களே. நவஹோ மக்கள் 2002இல் தங்கள் பகுதியில் மரபணு ஆய்வுக்கே தடை போட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களை ஆராய வருவோருக்கான நெறிமுறையைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். மதிப்பு, நேர்மை, நீதி, அக்கறை என்பவையே அதன் அடித்தளம். எங்கள் தலைவர்களைக் கேட்டுவிட்டு வா, புரியும் மொழியில் சொல், முடிவை எங்களிடம் திருப்பிக் கொண்டு வா என்பதுதான் சாரம்.

இங்கே? 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்வி நேர்மைக்கென்று விதிகள் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆய்வு மாணவத் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள், 'நேர்மை' என்றவுடன் மென்பொருள் காட்டும் அந்த விழுக்காட்டு எண்தான் அவர்கள் நினைவுக்கு வரும். திருட்டு எழுத்து தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு புத்தகத்திலிருந்து இரண்டு பத்தி எடுத்தால் பிடிக்கும் அந்த இயந்திரம், ஒரு சேரியிலிருந்து இருபது பேரின் வாழ்க்கையைச் சொல்லாமல் எடுத்து வந்தால் சுழியம் என்றுதான் காட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிக்கு ஒரு கல்வி நிறுவனத்திலிருந்து குழு வந்தது. தூய்மைப் பணி செய்யும் அக்காக்களிடம் மூன்று நாள் பேசினார்கள், படம் எடுத்தார்கள், டீ குடித்தார்கள். அறிக்கையைத் தமிழில் அனுப்புவோம் என்றார்கள். அனுப்பவில்லை. பிறகு ஒரு கருத்தரங்க அழைப்பிதழில் ஓர் அக்காவின் முகம் வந்திருந்தது, கையில் துடைப்பத்தோடு. அவர் கோபப்படவில்லை. "பொண்ணு பார்க்க வந்த வீட்டுக்காரங்க இதைப் பார்த்திருப்பாங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்தக் குழுவை ஊருக்குள் கூட்டி வந்தவர்களே நாங்கள்தான். யூனிஸ் ரிவர்ஸைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குவது அதனால்தான்.

இன்று நம்மிலிருந்தே முனைவர் பட்டம் வரை போகிறார்கள். பெருமைதான். அவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அருந்ததியர் தெருவுக்கும் புதிரை வண்ணார் வீட்டுக்கும் போகும்போது யாராகப் போகிறார்கள்? புதிரை வண்ணார் ஒருவர், தன்னிடம் நேர்காணல் எடுக்க வந்த நம் தோழரிடம் சாதிக்கொடுமையை முழுவதும் சொல்வாரா? சொன்னால் அந்தக் கொடுமையில் நம் தெருவும் வருமே. மறுப்பதற்கு அவருக்கு உண்மையிலேயே வாய்ப்பு இருந்ததா என்று கேட்காமல் அந்தப் பதிவை ஆய்வேட்டில் சேர்க்க முடியாது. இதை நாம்தான் பேச வேண்டும், வேறு யாரும் நமக்காகப் பேசப்போவதில்லை.

ஹவாசுபாய் மக்களின் கதைக்கு வருவோம். கேள்வி எழுந்த ஆண்டே பழங்குடி மன்றம் ஓர் ஆணை போட்டது: அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எவரும் எங்கள் மண்ணில் கால் வைக்கக் கூடாது. 650 பேர் ஒரு பல்கலைக்கழகத்தை ஊர்விலக்கு செய்தார்கள்! 2004இல் வழக்கு. முன்னறிவிப்பு முறைப்படி தரவில்லை என்ற நடைமுறைக் காரணம் காட்டிக் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. பல்கலைக்கழகத் தரப்பு வழக்காடவே 17 லட்சம் டாலர் செலவழித்தது. கடைசியில் 2010 ஏப்ரலில் சமரசம்: 41 பேருக்கு 7 லட்சம் டாலர், கல்விக்கும் சுகாதாரத்துக்கும் உதவி, மிச்சமிருந்த இரத்தம் திரும்ப ஒப்படைப்பு. இழைக்கப்பட்ட தவறைச் சரிசெய்ய விரும்பியதாக நிர்வாகக் குழு சொன்னது. சமரசம் என்பதால் தீர்ப்பு எழுதப்படவில்லை. நாளை இன்னொரு சமூகம் எடுத்துக்காட்டிப் பேச ஒரு வரி சட்டம்கூட அதிலிருந்து கிடைக்கவில்லை. அது பெரிய இழப்பு.

கொடுத்தவர்களில் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். இரத்தம் அங்கே பனியில் உறைந்திருக்கும்வரை இறந்தவர் போய்ச் சேர மாட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. டிலூசி உள்ளிட்ட சிலர் பள்ளத்தாக்கிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் உறைபெட்டியைத் திறந்தார்கள். தாய், தந்தை, பாட்டி என்று ஆளுக்கொரு சிறு குப்பி. அந்தப் பெட்டியின் முன்னால் நின்று தங்கள் மொழியில் பாடினார்கள், அழுதார்கள். பிறகு எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள்.